உப்புக் காற்றும் ஒரு வள்ளலும்

(பி.எஸ்சி. வேதியியல், மூன்றாம் ஆண்டு)

பாம்பனில் பிறந்தவர்களுக்குத் துருவை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வாங்கிய சைக்கிளின் சங்கிலி ஒரு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும். கதவின் கீல், கிணற்றுக் கப்பி, ஜன்னல் கம்பி, அம்மாவின் தையல் இயந்திரம் என்று எதையும் அது விட்டு வைப்பதில்லை. எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்று கொண்டுவருவது உப்பைத்தான். ஆகவே, துருவைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை எழுது என்று எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தபோது, அது எனக்கு எளிய வேலையாகவே தோன்றியது. எழுத உட்கார்ந்த பிறகு பேனா வேறு பக்கம் திரும்பிவிட்டது. துருவைப் பற்றி எழுத வந்தவன் ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். நம் தேர்வு நுழைவுச் சீட்டின் தலைப்பில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. நாம் வாங்கப் போகும் பட்டத்திலும் அதுவே இருக்கும். அதற்கு மேல் அவரைப் பற்றி, இரண்டாம் ஆண்டு முடியும் வரை, எனக்கும் ஒன்றும் தெரியாது.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து, 2011-ஆம் ஆண்டில் ஓலை வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார். ஆற்று மணல் வாங்க வசதி போதவில்லை. சல்லிசாகக் கிடைத்த மணலையே கொத்தனார் கலந்தார். அது எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2023 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, உத்தரத்தின் அடிப்பக்கம் முறம் அளவுக்குப் பெயர்ந்து, தாத்தா படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. தாத்தா அப்போதுதான் எழுந்து வெளியே போயிருந்தார். மேலே பார்த்தால், கம்பி இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா பேசாமல் கட்டிலை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டார். அதன் பிறகு பல மாதங்கள் எங்கள் வீட்டில் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்தோம்.

தாத்தா மட்டும் வியப்படையவில்லை. அவர் இளமையில் பாம்பன் ரயில் பாலத்தில் துருச் சுரண்டும் கூட்டத்தில் இருந்தவர். சின்னச் சுத்தியலால் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிறகு பெயின்ட் அடிப்பார்கள். ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போய்ச் சேருவதற்குள் தொடங்கிய இடம் மீண்டும் சிவந்திருக்கும் என்பார். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான பாலம். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. நடுவில் கப்பலுக்கு வழிவிட இரு கைகளாகத் திறக்கும் ஷெர்சர் தூக்கு. 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் கடலில் விழுந்ததும், ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அவை மீண்டும் நிறுத்தப்பட்டதும் ஊரறிந்த கதை. புயல் வீழ்த்தியதைப் பற்றிப் பாட்டே கட்டியிருக்கிறார்கள். அதே இரும்பை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த துருவைப் பற்றி யார் பாட்டுக் கட்டுவார்கள்?

2024 செப்டம்பரில் எங்கள் வகுப்பைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மக்கள் வாயில் அது சிக்ரி. மாணவர்களுக்குக் கதவு திறந்துவிடும் நாள் அது. மற்றவர்கள் மின்கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அரிமானப் பகுதியில் நின்றுவிட்டேன். அங்கே ஒரு மேசையில், வெட்டியெடுத்த கான்கிரீட் துண்டு ஒன்று கிடந்தது. உள்ளே கம்பி வீங்கி, சுற்றிலும் விரிசல். எங்கள் உத்தரத்தையே யாரோ அறுத்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. வெட்கத்தை விட்டு, எங்கள் வீட்டு நிலையை அங்கிருந்த அறிவியலாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, என்ன செய்யவேண்டும் என்று படம் போட்டே காட்டினார். திரும்பும்போது பேருந்தில் எங்கள் பேராசிரியர் சொன்ன ஒரு செய்திதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. அந்த நிலையம் நிற்கும் மண்ணும், அது எழும்பிய பணமும் ஒரே மனிதர் கொடுத்தவை என்றார்.

அழகப்பச் செட்டியார் 1909 ஏப்ரல் 6-இல் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். 1985 வரை காரைக்குடி நம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே அவர் நம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு. நகரத்தார் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக் கற்றுக் கடல் கடந்து கடைக்குப் போவதே வழக்கமாக இருந்த நாளில், இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சியும் பெற்றார். கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். வேட்டி கட்டிய ஊரிலிருந்து போன இளைஞர் ஒருவர் அந்நாளில் வானத்தில் பறந்தார் என்றால், அவர் மனம் எவ்வளவு விரிந்திருக்கவேண்டும்!

அந்த இளமையிலேயே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. தொழுநோய். இன்று மாத்திரையில் தீருகிற நோய். அன்று பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள். பார்ப்பவர் விலகிப் போவார்கள். ஆட்சிப் பணியில் சேர வேண்டும் என்ற அவரது கனவு அதோடு முடிந்தது. இந்த இடத்தில் துருவை உவமை சொல்ல வேண்டும் என்று பேனா துடித்தது. எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஒரு மனிதரின் வேதனையைப் பிடித்து உவமைக்கு உட்கார வைப்பது அழகன்று. அவர் ஒடுங்கி உட்காரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொழிலில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே அவர் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. அது இன்றும் அழகப்ப நகர்தான். மலேயாவில் ரப்பர்த் தோட்டம், காப்பீடு, ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் என்று அவர் கை வைக்காத தொழில் குறைவு. ஆங்கில அரசு சர் பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை பெற்றதும் அதைத் துறந்தார். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன; நான் வேகமாகக் கடந்து செல்கிறேன். செல்வம் சேர்த்தவர்கள் நம் நாட்டில் பலர். சேர்த்ததை என்ன செய்தார் என்பதே இங்கு பேச்சு.

1944-இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்கும் ஏ.சி. கல்லூரி அதுவே. 1947 ஜூலை 3-இல், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம். துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் பேசுகையில், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டினார். இத்தகைய வேண்டுகோள்களுக்குக் கூட்டத்தில் கைதட்டுவதுதான் உலக வழக்கம். அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன், முதற்கொடையாக ஒரு லட்சம் தருகிறேன் என்று அங்கேயே அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் நடந்தன. கட்டடம் எழும்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருக்கத் தமக்கு நாளில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். இது என் ஊகம்.

இனி நம் பொருளுக்கு வருகிறேன். விடுதலை பெற்ற இந்தியா, ஆராய்ச்சி நிலையங்களை நிறுவத் தொடங்கிய காலம் அது. இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புனே, உலோகத்துக்கு ஜாம்ஷெட்பூர், உணவுக்கு மைசூர் என்று இடங்கள் அமைந்தன. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமையில் இருந்தவர் சாந்தி சுவரூப் பட்நாகர். மின்வேதியியலுக்கு ஒரு நிலையம் என்ற பேச்சு எழுந்தபோது, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். எண்ணிப் பாருங்கள். காரைக்குடியில் ஆறில்லை, துறைமுகம் இல்லை, பெரிய ஆலை இல்லை. செம்மண் பொட்டலும் செட்டிநாட்டு வீடுகளும்தான். ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் அங்கே வருவதற்கு அவரைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் காண இயலவில்லை. 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு மின்வேதியியல் எவ்வளவு தெரிந்திருக்கும்? அதிகம் தெரிந்திராது என்றே நினைக்கிறேன். எங்கள் பேராசிரியர் இதை ஒப்பவில்லை. ஆலை நடத்தியவருக்கு இரும்பின் அருமை தெரியாமலா இருக்கும் என்று கேட்டார். இருக்கலாம். ஆயினும், தமக்குப் புரிந்ததற்கு மட்டும் கொடுப்பவர் சிறு கொடையாளர்; புரியாத ஒன்று தம் மண்ணுக்கு வரட்டும் என்று கொடுப்பதற்கு வேறு மனம் வேண்டும் என்பது என் கட்சி.

மின்வேதியியலுக்கும் துருவுக்கும் என்ன உறவு என்று கலைத்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர் ஒரு சொட்டு விடவேண்டும். அதில் பினால்ப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சிறிது கலந்திருக்கவேண்டும். சற்று நேரத்தில் சொட்டின் நடுவே நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம் தெரியும் இடத்தில் இரும்பு கரைகிறது. சிவப்புத் தெரியும் விளிம்பில், காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரோடு சேர்ந்து காரமாகிறது. இரண்டுக்கும் நடுவே, தகட்டின் உள்ளே, மின்சாரம் ஓடுகிறது. அதாவது, ஒரு சொட்டு நீரே ஒரு சிறு மின்கலம். கேம்பிரிட்ஜில் ஈவன்ஸ் என்ற அறிஞர் புகழ்பெறச் செய்த சோதனை இது. ஃபாரடேயின் விதிப்படி கணக்குப் போட்டால், ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு ஓடினால் ஏறக்குறைய 9 கிலோ இரும்பு கரைந்துபோகும். பாம்பன் பாலத்தில் எத்தனை கோடிச் சொட்டுகள்!

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கரையும் இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கிறது. உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கள் உத்தரத்தில் உப்பு வெளியிலிருந்து வரவில்லை. மணலோடு நாங்களே அழைத்துவந்து குடியேற்றினோம்.

மருந்தும் பழையதுதான். ஃபாரடேயின் ஆசான் ஹம்ப்ரி டேவி, 1824-இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகள் அரிக்காமலிருக்க, துத்தநாகத்தையும் இரும்பையும் அவற்றோடு இணைத்துக் காட்டினார். செம்புக்குப் பதிலாக அவை கரைந்தன; செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரைவது நின்றதால் அதன் நஞ்சும் நின்றது. கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன, முறை கைவிடப்பட்டது. ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது என்று டேவி வருந்தியிருப்பார். ஆனால் அவர் கண்ட வழிதான் இன்று உலகெங்கும் கப்பல்களையும் எண்ணெய்க் குழாய்களையும் காக்கிறது.

சிக்ரி தோன்றிய பிறகு, நம் கடற்கரை ஆராய்ச்சியாளர்களின் கண்ணுக்குப் பட்டது. மண்டபம் முகாமில் அதன் கிளை அமைந்தது. நாம் நொந்துகொள்ளும் இந்த உப்புக் காற்று அவர்களுக்குப் பெரிய செல்வம்! எடை பார்த்த உலோகத் தகடுகளைச் சட்டங்களில் சாய்த்து வைத்து, வெயிலிலும் காற்றிலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பிறகு எடுத்துத் துருவை நீக்கி மறுபடி எடை பார்த்தால், ஓராண்டில் எவ்வளவு தடிமன் போயிற்று என்று தெரிந்துவிடும். இவ்வாறு நாட்டின் பல ஊர்களிலும் அளந்து, இந்தியாவுக்கே ஓர் அரிமான வரைபடம் தயாரித்தார்கள். தாத்தா சுத்தியலால் தட்டித் தட்டிக் கண்டறிந்த உண்மையை அவர்கள் தராசில் நிறுத்துக் கண்டார்கள். கட்டடக் கம்பிகளுக்குச் சிமென்ட் குழம்பில் அரிமானத் தடுப்பான் கலந்து பூசும் முறையையும் அந்நிலையம் உருவாக்கியது.

இவற்றையெல்லாம் அழகப்பர் காணவில்லை. பொறியியல், ஆசிரியப் பயிற்சி, உடற்பயிற்சி, இசை, குழந்தைப் பள்ளி என்று காரைக்குடியை ஒரு கல்வி நகராக்கிக்கொண்டே போனார். தாம் வசித்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்காக ஒழித்துக் கொடுத்தார் என்று அவ்வூரார் இன்றும் சொல்வார்கள். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1957 ஏப்ரல் 5-இல் இயற்கை எய்தினார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். அவர் பெயரில் பல்கலைக்கழகம் எழுந்தது 1985-இல். நம் கல்லூரி அதன் குடையின்கீழ்தான் இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து வந்த அன்று இரவு, இந்தக் கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தச் செட்டியாருக்குக் கடற்கரையில் ஏதாவது சொத்து இருந்ததா என்று வினவினார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். பிறகு எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. தாத்தாவின் உள்ளங்கையில் சுத்தியல் பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

2025 தைமாதத்தில் உத்தரத்தைச் சரிசெய்தோம். பெயர்ந்ததோடு நிற்காமல், தட்டினால் பொக்கென்று ஒலித்த இடமெல்லாம் உடைத்தோம். கம்பியின் பின்புறமும் தெரியும்வரை குடையவேண்டும் என்று சிக்ரியில் சொல்லியிருந்தார்கள். அரைகுறையாக உடைத்துப் பூசினால் புதிய பூச்சின் ஓரத்திலேயே மீண்டும் அரிக்குமாம். துருவைச் சுரண்டும் வேலையை யாருக்கும் விடாமல் தாத்தாவே ஏணிமேல் ஏறிச் செய்தார். அப்பா எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு கம்பிகள் பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தன. அவற்றுக்குத் துணையாகப் புதுக்கம்பி கட்டினோம். கம்பிக்குத் துத்தநாகம் கலந்த பூச்சு, அதன்மேல் நல்ல தண்ணீரும் ஆற்று மணலும் சேர்த்த கலவை. இந்தமுறை மணலை அம்மா நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கலக்கவிட்டார். எனினும், வீட்டின் மற்ற உத்தரங்களிலும் அதே பழைய மணல்தான் இருக்கிறது. அதை நாங்கள் மறந்துவிடவில்லை.

பழைய ரயில் பாலம், ஷெர்சர் தூக்கு அரித்துப்போனதால், 2022 டிசம்பர் 23 முதல் ரயில் ஓடாமல் நின்றது. அருகிலேயே புதிய பாலம் எழுந்தது. நடுவிலுள்ள 72.5 மீட்டர் பகுதி, மின்தூக்கிபோல் நேராக மேலே எழும். கான்கிரீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கர்டர்களுக்குத் துத்தநாகப் பூச்சும், அதன்மேல் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும். 2025 ஏப்ரல் 6, இராமநவமியன்று, பிரதமர் அதைத் திறந்து வைத்தார். அது அழகப்பர் பிறந்த நாள் என்பது எனக்கு நினைவில் இருந்தது. கரையில் கூடியிருந்த கூட்டத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது, கூச்சத்தால் சொல்லவில்லை.

தாத்தாவையும் அழைத்துப் போயிருந்தேன். தூக்குப் பகுதி மேலே எழும்பியதையும், கடலோரக் காவற்படையின் கப்பல் கீழே கடந்ததையும் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார். இந்தப் பாலத்துக்குப் பெயின்ட் எத்தனை நாள் தாங்குமாம் என்று கேட்டார். பல பத்தாண்டுகள் தாங்கும் என்கிறார்கள் என்றேன். அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. சற்றுத் தள்ளி நின்ற பழைய பாலத்தைப் பார்த்து, எந்தக் கர்டரில் தாம் முதன்முதலில் ஏறினார் என்று விரலால் எண்ணிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலைப் பழைய இடத்திலேயே இழுத்துப் போடச் சொன்னார். போட்டோம். பூசிய இடத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி குறித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதை எழுதும் வரை விரிசல் இல்லை.